முந்தானையில் ஒரு முடிச்சு

நினைவாற்றலை வளர்க்கும் பொருள்களில் தமிழ்நாட்டு வீடுகளில் முதல் மரியாதை வல்லாரைக்கு. பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் அது துவையலாகி, பொடியாகி, மாத்திரையாகித் தட்டுக்கு வரும். பிள்ளை அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு ராத்திரி ஒரு மணி வரை விழித்துப் படிக்கும். பகலில் படித்ததை மூளை பதிய வைக்கும் வேலையில் தூக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த வேலை நடக்கும் விடிகாலை நாலு மணிக்குச் சரியாக அலாரம் அடிக்கும்.

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, மறதியின் வேகத்தை அளந்து 1885-ல் புத்தகம் போட்டார். ஒரே நாளில் பெரும்பகுதி போய்விடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால் நிற்கிறது. காசு செலவில்லாத யோசனை. அதனால் விளம்பரமும் இல்லை.

நடைப்பயிற்சிக்கும் சான்று உண்டு. 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஓராண்டு நடந்த முதியவர்களின் ஹிப்போகேம்பஸ் என்னும் நினைவுப் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. இங்கே பூங்கா வாசலிலேயே போண்டா கடை இருப்பதால் பெருப்பது வேறு பகுதி.

குறுக்கெழுத்து போட்டுப் பழகினால் குறுக்கெழுத்து நன்றாக வரும். வண்டிச் சாவி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

எல்லாவற்றுக்கும் மூத்தது பாட்டிமார் முந்தானையில் போடும் முடிச்சு. எதையோ மறந்துவிட்டதை அது தவறாமல் நினைவூட்டும். எதை என்பதைப் பக்கத்து வீட்டில்தான் விசாரிக்க வேண்டும்.