பெயர் கேட்காத பிழை

கடாரம் கொண்ட சோழன் ஆண்ட நாட்டில் பிறந்தவன் என்கிற அபிமானம், ராரோடோங்காத் துறைமுகத்திலிருந்து எங்கள் பாய்மரப் படகு புறப்பட்ட முதல் ஒரு மணி நேரம் வரையில் என்னிடத்தில் குறைவில்லாமல் இருந்தது. அதற்குப் பிறகு மூன்று பகலும் இரண்டு இரவும், ராஜேந்திரனுடைய வீரர்களில் எத்தனை பேர் என்னைப் போலவே படகின் விளிம்பைக் கட்டிக்கொண்டு, உண்டதையெல்லாம் சமுத்திர ராஜனுக்கு நிவேதனம் செய்தபடி போயிருப்பார்கள் என்ற சரித்திர ஆராய்ச்சியிலேயே கழிந்தன. படகின் சொந்தக்காரரான நண்பர், "அடிவானத்தையே பார்த்துக்கொண்டிரும், சரியாகிவிடும்" என்று உபதேசம் செய்தார். அடிவானமோ நான் பார்க்கப் பார்க்க ஊஞ்சலாடியது.

நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் பாமர்ஸ்டன் தீவு. தென் பசிபிக்கில், ராரோடோங்காவுக்கு வடமேற்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தூரத்தில், பவழப் பாறை ஒரு மாலையைப் போல வளைந்து கிடக்க, அதில் கோத்து வைத்தாற்போலச் சில மணல் திட்டுகளும் தென்னைகளும்; அவ்வளவுதான். ஆகாய விமானம் இறங்க இடமில்லை. சரக்குக் கப்பலும் வருஷத்தில் சில முறைதான் எட்டிப் பார்க்கும். காப்டன் குக் 1774-ல் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போய், 1777-ல் வந்து இறங்கியபோது அங்கே மனிதர் வாசமே இல்லை. 1863-ல் வில்லியம் மாஸ்டர்ஸ் என்ற ஆங்கிலேயர் கொப்பரைக்காகக் குடியேறினார். பாலினீசியப் பெண்கள் மூவரை மனைவியராகக் கொண்டு அவர் வளர்த்த குடும்பந்தான் இன்றைக்கு அந்தத் தீவின் ஜனத்தொகை. நூறு பேரை எட்டாத அந்தச் சிறு சமூகத்தில் அநேகமாக எல்லாருக்கும் குடும்பப் பெயர் மாஸ்டர்ஸ். முதல் நாள் முழுவதும், 'மாஸ்டர்' என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியாரையும் டீக்கடைக்காரரையுமே அறிந்திருந்த நான், இத்தனை சிறிய ஊருக்கு இத்தனை வாத்தியார்கள் எதற்கு என்று மனத்துக்குள் வியந்துகொண்டிருந்தேன்.

பவழப் பாறைக்குள்ளே பெரிய படகு நுழைய வழி கிடையாது. வெளியே, மேற்குப் பக்கத்தில் மிதவையில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போதே கரையிலிருந்து இரண்டு சிறு படகுகள் நுரை பறக்க எங்களை நோக்கி விரைந்து வந்தன. ஏதோ பந்தயம் போலும் என்று கை தட்டி ஆரவாரம் செய்தேன். அந்தப் பந்தயத்தின் பரிசு நான்தான் என்பது பிறகு தெரிந்தது. எந்தக் குடும்பத்தின் படகு முதலில் வந்து தொடுகிறதோ, அந்தக் குடும்பத்துக்கே வந்த அதிதியின்மேல் பாத்தியதை. ஊரை விட்டுப் போகிற வரையில் அவனுக்குச் சோறு போடுவதும் ஊரைச் சுற்றிக் காட்டுவதும் அவர்கள் பொறுப்பு. தெருமுனையில் விருந்தாளியின் தலை தெரிந்ததும் வீட்டுக்காரர் கொல்லைப்புறமாக நழுவுகிற காட்சியை நான் நம் ஊரில் கண்டிருக்கிறேன், நழுவியும் இருக்கிறேன். விருந்தாளியைப் பிடிக்கப் படகு விட்டுக்கொண்டு வருகிறவர்களை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஜயித்த படகில் வந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். வயதில் மூத்தவரைப் பெயர் கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவன் ஆகையால், கடைசிவரையில் அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்கவே இல்லை. அவருடைய தாய்மொழி ஆங்கிலம். என்னுடையது பள்ளிக்கூடத்து ஆங்கிலம். இரண்டுக்கும் இடையே கிளிமீன் வறுவல் மொழிபெயர்ப்பு வேலை செய்தது. கிளியின் மூக்கைப் போன்ற வாயுடைய அந்த மீனை, இலையில் இடம் இருக்கிறதா என்று பாராமல், வயிற்றில் இடம் இருக்கிறதா என்றும் கேளாமல், அந்த வீட்டு அம்மாள் பரிமாறிக்கொண்டே இருந்தார்கள். மூன்று நாள் பட்டினி கிடந்த வயிறும் மறுக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் பேச்சு விவாக விஷயத்தில் வந்து நின்றது. மூல புருஷரான வில்லியம், மூன்று மனைவியர் வழியாக வந்த மூன்று குடும்பங்களுக்கும் நிலத்தைப் பங்கு போட்டுக் கொடுத்து, ஒரே குடும்பத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கக் கூடாது என்றும் விதித்திருக்கிறார். ஆகவே மற்றக் குடும்பத்தில் கொள்ளலாம் என்று பெரியவர் விளக்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தாய் வேறானாலும் தகப்பன் ஒருவர்தானே! அவருடைய பிள்ளைகளின் பிள்ளைகள் பங்காளிகள் ஆயிற்றே, அண்ணன் தங்கை முறை அல்லவா?" என்று பதறினேன்.

"அப்படியானால் உங்கள் ஊரில் யாரைக் கட்டிக்கொள்வார்கள்?" என்று அவர் கேட்டார்.

"தாயாருடன் கூடப் பிறந்த மாமனுடைய பெண்ணை," என்றேன், சாஸ்திரம் முழுவதும் என் பக்கம் இருக்கிற தைரியத்தோடு.

பெரியவர் கையில் எடுத்த மீன் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். நான் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். சொந்த அக்காள் மகளைக் கட்டிக்கொள்வதும் உண்டு என்று சொன்னதுதான் தாமதம், அம்மாள் உள்ளேயிருந்து எழுந்து வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு வரப் போய்விட்டார்கள். அன்றிரவு மணலில் குச்சியால் நான் ஒரு வம்ச விருட்சமும் பெரியவர் ஒரு வம்ச விருட்சமும் வரைந்து, ஊர் கூடி நடுநிலை வகிக்க, எது முறை எது முறைகேடு என்று வாதித்தோம். தீர்ப்பு ஏற்படவில்லை, சிநேகம் ஏற்பட்டுவிட்டது. உறவு முறை பேசிக் களைத்தவர்கள் அந்நியராக எப்படி இருக்க முடியும்?

ஐந்தாம் நாள் விடியற்காலையில் காற்று மேற்கே திரும்பிற்று. அப்படித் திரும்பினால் மிதவையில் நிற்கும் படகு பாறையில் போய் மோதிவிடும் என்று நண்பர் அவசரப்படுத்த, இளநீர்க் குலைகளும் மீனும் படகில் ஏறிய பின், கடைசியாக நானும் ஏற்றப்பட்டேன்.

ஊர் வந்து சேர்ந்ததும் நன்றி தெரிவித்து ஒரு கடிதம் எழுதினேன். மேலே பெயர் எழுதுகிற சமயத்தில்தான் என் மரியாதையின் விளைவு தெரிந்தது. வேறு வழியில்லாமல் 'ஸ்ரீமான் மாஸ்டர்ஸ், பாமர்ஸ்டன் தீவு' என்று எழுதி அனுப்பினேன். ஒன்பது மாதம் கழித்து, மூன்று குடும்பங்களிலிருந்தும் தனித்தனியாக மூன்று பதில்கள் வந்தன. மூன்றிலும், அக்காள் மகள் விஷயம் மெய்தானா என்று கேட்டிருந்தார்கள்.