காற்றுக்கும் வழி விடுங்கள்

கேள்வி: பாத்ரூமைத் திருத்திக் கட்டுகிறோம். புதுக் கதவு வைக்கும் இடத்தில் காற்றுக் குழாய் நிற்கிறது. "வெட்டி மூடிவிடலாம்" என்கிறார் மேசன். மூடலாமா?
– வாசகி, சாய்ந்தமருது

பதில்: மூடவே வேண்டாம், ராத்தா. இடம் மாற்றுங்கள். கொமட்டிலிருந்து வேகமாக இறங்கும் தண்ணீருக்குப் பின்னால் காற்று வரவேண்டும். வராவிட்டால், வளைவில் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் நீரையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற அந்த வளைவு வறண்டால், மலக்குழியின் வாயு அழைக்காத விருந்தாளியாக வீட்டுக்குள் வரும்.

குழாயை 45 பாகை வளைவுகளால் திருப்புங்கள். படுக்கையாகப் போகும் பகுதி சற்று மேல்நோக்கிச் சரிந்திருக்கட்டும். ஜன்னல்களிலிருந்து விலக்கி, கூரைக்கு மேலே கொண்டுபோய், அதன் வாயில் நுளம்பு வலை கட்டுங்கள். உப்புக்காற்றில் துருப்பிடிக்காத வலையாக இருக்கட்டும். டைல்ஸ் கண்ணுக்கு, இந்தக் குழாய் மூக்குக்கு. இரண்டுக்கும் காசு ஒதுக்குங்கள்.