காலரா ஊசியும் சக்கரை மாத்திரையும்

அமராவதி ஆறு ஊருக்குள் வந்த வருசம் என்றால் போதும், கரூரில் என் வயதுக்காரர்களுக்கு அது 1977 என்று தெரியும். அந்த நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயல், தஞ்சாவூரையும் திருச்சியையும் புரட்டிப்போட்டுவிட்டு மேற்கே நகர்ந்தது. கடலையே பார்த்திராத எங்களுக்குப் புயல் என்பது ரேடியோவில் கேட்கும் சங்கதி. வேடசந்தூர்ப் பக்கம் கொடகனாறு அணை உடைந்து, அந்தத் தண்ணீரும் அமராவதியில் சேர்ந்து வீட்டுப் படியேறிய பிறகு, கடலோரத்துக் காரியம் எங்கள் காரியமும் ஆகிவிட்டது.

தண்ணீர் வடிந்ததும் பெரியவர்கள் பயந்தது ஒன்றே ஒன்றுக்கு: பேதி. செத்த ஆடுமாடுகளை அப்புறப்படுத்துவதற்குள் ஊரே நாறிப்போனது. கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். பள்ளிக்கூடத்துத் திண்ணையில் வரிசையாக நிற்கவைத்து எங்களுக்குக் காலரா ஊசி போட்டார்கள். கை வீங்கி, இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தோம். ஊசி போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று வீட்டில் நிம்மதி.

அந்த ஊசி கொடுத்த பாதுகாப்பு அரைகுறை, அதுவும் சில மாதங்களுக்குத்தான். நோய் பரவுவதை அது தடுக்காது என்பதால், வெளிநாடு போகிறவர்கள் காலரா ஊசிச் சான்று காட்ட வேண்டும் என்ற விதியை உலக சுகாதாரப் பேரவை 1973-லேயே நீக்கிவிட்டிருந்தது. உயிரைக் காக்கும் மருந்தோ வேறு. 1971-இல் வங்கதேசத்து அகதிகள் குவிந்திருந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடாவும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். 100 பேரில் 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. ஆறு வருசமாகியும் அந்தச் செய்தி எங்கள் வீதிக்கு எட்டவில்லை. ஆனால் என் அமுச்சி, பேதி கண்ட மாமன் மகனுக்குச் சோற்றுக் கஞ்சியில் உப்புப் போட்டு, கரண்டி கரண்டியாக ராத்திரி முழுக்க ஊட்டினாள். "தண்ணி குடுத்தா இன்னும் போகுமுங்க" என்று தடுத்தவர்களிடம், "போற தண்ணிய யாரு திருப்பிக் குடுக்கறது?" என்று கேட்டாள். அரிசிக் கஞ்சியில் செய்த உப்புக் கரைசலைப் பின்னாளில் டாக்காவின் ஆராய்ச்சி மருத்துவமனையில் சோதித்து, காலராவுக்கு நன்றாகவே கேட்கிறது என்று கண்டார்கள். பையன் பிழைத்தான்.

வேலை நிமித்தமாகக் கோயம்புத்தூருக்கு வந்து பல காலம் கழித்து, 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியது. சிங்காநல்லூரில் எங்கள் தெருமுனையில் நிவாரண லாரி நின்றது. அரிசி, பிஸ்கட், தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, பெட்டி பெட்டியாக உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், மூட்டை மூட்டையாகப் பழந்துணி. கொடுக்க மனசுள்ள ஊர் இது. கேட்பதற்கு முன்னால் கொண்டுவந்து இறக்கினார்கள். நானும் லாரியில் ஏறிப் போனேன். பட்டுக்கோட்டையைத் தாண்டியதும், கூட வந்த பொள்ளாச்சி விவசாயி ஒருவர் வேரோடு சாய்ந்து கிடந்த தென்னந்தோப்புகளைப் பார்த்தார். அதன்பிறகு வேதாரண்யம் வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை.

அங்கே ஒரு அம்மா லாரிக்குப் பக்கத்தில் வந்து, அரிசியைப் பார்க்காமல், "சக்கரை மாத்திரை ஏதும் கொண்டாந்தீங்களா தம்பி?" என்று கேட்டார். கூரையோடு மாத்திரைச் சீட்டும் போய்விட்டது. பின்னாலேயே ரத்த அழுத்தக்காரர் ஒருவர், வலிப்புக்கு மருந்து சாப்பிடும் பையனின் தகப்பன் ஒருவர். லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த நாட்கள் அவை. பிரிட்ஜில் இருந்த இன்சுலினை என்ன செய்வது என்று ஒரு பெண் கேட்டாள். ஈர மணலுக்குள் வைத்த மண்பானையில் போட்டு வைத்தால் சில வாரம் தாங்கும் என்பதை அவளிடம் சொல்ல அங்கே ஆள் இல்லை.

எங்கள் காலத்துப் பேதிப் பயத்தை அரசாங்கம் பெரும்பாலும் ஜெயித்துவிட்டது. பல ஊர்களிலிருந்து போன துப்புரவுப் பணியாளர்களும் மருத்துவ முகாம்களும் குளோரின் கலந்த தண்ணீரும் செய்த வேலை அது. மின்வாரியத்து ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கம்பம் நட்டார்கள். முன்னெச்சரிக்கையும் பலித்தது. 1977-இல் 560 பேர் போனார்கள். கஜாவில் அந்தக் கணக்கு நூறைத் தொடவில்லை. எலிக்காய்ச்சல், பாம்புக்கடி, மரம் வெட்டும்போது படும் காயம் எல்லாம் இன்றும் உண்டு. ஆனால் இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. புயலுக்கு மறுநாள் அவர்களுக்கு மாத்திரை வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அடுத்த முறைக்கு இடம் வேண்டும். நம் லாரியில் ஏறுவது இன்னும் 1977-இன் பட்டியல்தான்.

செத்தவர் கணக்கும் பழைய கணக்குதான். 2017-இல் மரியா புயலில் போர்ட்டோ ரிக்கோ அரசு சொன்ன சாவு 64. ஆராய்ந்த பிறகு 2,975 என்று ஒப்புக்கொண்டது. மின்சாரமும் மருந்தும் இல்லாமல் மாதக்கணக்கில் ஒவ்வொருவராகப் போனவர்கள் அவர்கள். அமெரிக்கப் புயல்களை ஆராய்ந்து 2024-இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை இன்னும் நீளமாகக் கணக்கிடுகிறது: சராசரியாக ஒரு புயலுக்கு அதிகாரபூர்வ சாவு 24, அடுத்த 15 வருசங்களில் அதன் பாதிப்பால் கூடுதலாகப் போகும் உயிர்கள் 7,000 முதல் 11,000 வரை. நம் டெல்டாவில் தோப்பு போய், கடன் ஏறி, வைத்தியத்தைத் தள்ளிப்போட்டவர்களை யார் எண்ணினார்கள்?

நுங்கம்பாக்கம் வானிலை மையத்திலிருந்து எச்சரிக்கை வருவதால் இன்று மூன்று நான்கு நாள் அவகாசம் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தின் பணியாளர்கள் வீடு வீடாகச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கிறார்கள்; யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது அவர்கள் நோட்டில் இருக்கிறது. புயல் சின்னம் தெரிந்த அன்றே ஒரு மாத மாத்திரையைக் கையில் கொடுத்துவிடட்டும், சீட்டை நெகிழி உறையில் போட்டுத் தரட்டும். டயாலிசிஸ்காரர்களையும் நிறைமாதக் கர்ப்பிணிகளையும் முதல் வண்டியிலேயே ஏற்றட்டும். கோயம்புத்தூரிலிருந்து போகும் லாரியில் பழந்துணி மூட்டை இருக்கும் இடத்தில், ஒரு மருந்தாளுநரும் மருத்துவர் எழுதிக் கொடுத்த பட்டியல்படி கட்டிய மருந்துப் பெட்டியும் போகட்டும். இந்த ஐப்பசிக்குள் செய்துவிடலாம்.