தகர வில்லை

குளத்து மண் எடுக்க மனுப் போட வேண்டும், அதற்கு வயலின் பழைய காகிதங்கள் வேண்டும் என்று அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்கும் கீழே ஒரு தகர வில்லை கிடந்தது. ஊர்ப்பெயர் தேய்ந்துவிட்டது, 71 என்ற எண் மட்டும் விரலால் தடவினால் தட்டுப்படுகிறது. பக்கத்தில் நின்ற பேரன், "இது என்னது பாட்டா?" என்று கேட்டான். சைக்கிளுக்கு வாங்கின லைசென்ஸ் என்றேன். "மோட்டார் இல்லாத சைக்கிளுக்கா?" என்று அவன் கண்ணை விரித்ததைப் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. நாங்கள் காற்றைப்போல வளர்ந்த பிள்ளைகள், எங்களைக் கேட்க ஆளில்லை என்று அவனிடம் எத்தனையோ ராத்திரி கதை சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படியொன்று கிடக்கலாம், தேடிப் பாருங்கள்.

வருஷா வருஷம் காசு கட்டி, புது வில்லை வாங்கி, சைக்கிளின் முன்பக்கம் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். பொழுது சாய்ந்தால் விளக்கு எரிய வேண்டும். பின்னால் ஒருவரை ஏற்றி 'டபுள்ஸ்' போகக் கூடாது. இந்த மூன்றையும் நாங்கள் அறிந்திருந்தோம், மூன்றையும் மீறினோம். எங்கள் ஊருக்கும் சுசீந்திரத்துக்கும் நடுவே ஒரு முக்கில் ஒரு போலீஸ்காரர் நிற்பார் என்று தெரிந்ததால், அந்த முக்குக்கு நூறு அடி முன்பே கூட்டாளி கேரியரிலிருந்து குதித்து, ஒன்றும் அறியாத பிள்ளையாக என் பக்கத்தில் நடந்து வருவான், முக்கு தாண்டியதும் ஓடி வந்து ஏறிக்கொள்வான். படம் விட்டுத் திரும்பிய ஒரு ராத்திரி, டைனமோ வேலை செய்யாத சைக்கிளோடு, அவன் குதிக்க மறந்துபோய், இரண்டு பேரும் அவர் கையில் அகப்பட்டோம். "யாரு வீட்டுப் பிள்ளைகலே?" என்றார். சொன்னோம். வால்ட்யூபைப் பிடுங்கி எங்கள் கையிலேயே கொடுத்து, உருட்டிக்கொண்டு நடங்கள் என்றார். நடந்தோம். இரண்டு பக்கமும் வயல், தவளைச் சத்தம், ஒரு வெளிச்சம் கிடையாது. கொஞ்ச தூரம் போனபின் தரையில் ஒரு வெளிச்சவட்டம் எங்களுக்கு முன்னால் ஊர்ந்து போவதைக் கண்டு திரும்பிப் பார்த்தால், அவர் பின்னால் டார்ச் அடித்தபடி வந்துகொண்டிருந்தார். ஊர் எல்லைவரை வந்து, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். சட்டம் என்ற சொல்லைக் கேட்டால் இந்த வயசிலும் எனக்கு முதலில் அந்த வெளிச்சவட்டம்தான் ஞாபகம் வருகிறது.

சைக்கிளுக்கு வில்லை என்றால் ரேடியோவுக்குப் புத்தகம். வீட்டில் ஒரு ரேடியோப் பெட்டி வைத்துப் பாட்டுக் கேட்க, தபால் ஆபீஸில் வருஷத்துக்கு 15 ரூபாய் கட்டி, அந்தச் சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்கியாக வேண்டும். அப்பா அதை நில வரி ரசீதுகளோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். எல்லா வீட்டிலும் அப்பாவைப்போல ஆள் இருக்கவில்லை. பரிசோதனைக்கு ஆள் வருகிறது என்ற பேச்சு தெருமுனையில் கிளம்பினால், பக்கத்து வீட்டு அக்கா ரேடியோவைப் பழைய வேட்டியில் சுற்றிப் பத்தாயத்துக்குள் நெல்லின்மேல் இறக்கிவிடுவாள். ஒரு தடவை அணைக்க மறந்து இறக்கியதில், இலங்கை வானொலி அறிவிப்பாளரின் குரல் பத்தாயத்துக்குள்ளிருந்து கம்பீரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ரேடியோவுக்கான அந்தக் கட்டணம் 1980களின் நடுவில் போயிற்று. அதை ஒட்டி 1984-ல் எங்கள் நாகர்கோவிலுக்கே சொந்தமாக ஒரு வானொலி நிலையம் வந்தது. இந்தியாவில் உள்ளூர் வானொலி என்ற வகையில் அதுதான் முதல். எங்கள் பேச்சை எங்கள் காதிலேயே கேட்டோம், காசும் கட்ட வேண்டாம். இன்று வீட்டுக்கு நாலு செல்போன், எதிலும் எந்தப் பாட்டும் எந்த நேரமும் கிடைக்கிறது. ஆனால் பதினைந்து ரூபாய் கட்டிய அந்த ஒரு பெட்டியைச் சுற்றி, ராத்திரி எட்டு மணிக்குத் திண்ணையில் பத்துப் பேர் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தோமே, அந்த அமைதி கிடைக்கவில்லை.

எல்லாக் கட்டுப்பாடும் இப்படிச் சிரித்து நினைக்கக் கூடியதல்ல. அரிசி விஷயம் எங்கள் அம்மையை அழ வைத்தது. 1956 நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது ஊரெல்லாம் கொண்டாடியது. அதற்காகத் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டவர்கள் உண்டு. ஆனால் அத்தையைக் கட்டிக் கொடுத்தது நெய்யாற்றின்கரையில். அரசர் காலத்தில் ஒரே நாடாக இருந்த இடத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது, அவள் அந்தப் பக்கம் ஆகிவிட்டாள். முதலில் அது தெரியவில்லை. தென்மாநிலங்களுக்குள் அரிசி தடையின்றிப் போய்வந்த உணவு மண்டலம் 1964-ல் கலைந்தபின்தான் கோட்டின் கனம் தெரிந்தது. திருவிதாங்கூருக்கே நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரு மரக்கால் அரிசியைக் கொண்டுபோக அனுமதிச்சீட்டு வேண்டும். அத்தைக்குத் தலைப்பிரசவம். கும்பப்பூ அறுத்த புது அரிசியை ஒரு துணிப்பையில் கட்டி, அம்மை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். எல்லைக்கு முன்னால் ஒரு சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பையை இறக்கிவிட்டார்கள். "எங்க வயலு, நாங்க நட்ட நெல்லு, எங்க பிள்ளைக்குத்தான் கொண்டு போறோம்" என்று அம்மை சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வெறுங்கையோடு பிள்ளை பார்க்கப் போனோம். அவளுக்கு அது ஆயுள் முழுக்க ஆறவில்லை. அரிசி பதுக்கல்காரர்களிடம் போய்விடக் கூடாது, ரேஷனுக்குச் சேர வேண்டும் என்பதற்காக எழுதிய விதி அது, தேவையான விதிதான். ஆனால் மூட்டைக்கும் மடிக்கும் வித்தியாசம் பார்க்காமல் எழுதிய விதி. இன்றைக்கு அத்தை மகன் காரில் வந்து எத்தனை மூட்டை வேண்டுமானாலும் ஏற்றிப் போகலாம். ஏற்றிவிட வீட்டில் நெல் இல்லை. அம்மை நாற்று நட்ட வயல்களில் முக்கால்வாசி வீட்டுமனையாகிவிட்டது. நாங்களே கடையில் வெளியூர் அரிசி வாங்குகிறோம்.

கூட்டாளியின் அப்பா பனையேறி. மாசி பிறந்தால் விடிவதற்குள் பத்து மரம் ஏறி இறங்குவார். நாங்கள் விளையில் போய் நின்றால் பனையோலைப் பட்டையில் அக்கானி ஊற்றித் தருவார், மாங்காய்ப் பிஞ்சு நறுக்கிப் போட்டு. இன்றுவரை அந்த ருசிக்கு ஈடாக எதையும் நான் குடித்ததில்லை. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் வடிவது அக்கானி, தடவாமல் கட்டினால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிற கால் ஒன்று. ஒரு விரல் சுண்ணாம்பில் ஒரு மனிதன் தொழிலாளியாகவும் குற்றவாளியாகவும் ஆனான். கள்ளுக்கடைகளை 1971-ல் திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள், 1981-ல் மறுபடியும் திறந்தார்கள், 1987 தொடங்கி இங்கே கள் கூடவே கூடாது. களியக்காவிளை தாண்டிப் பாறசாலைப் பக்கம் போனால் அதே கள்ளுக்கு அரசாங்க அனுமதியோடு கடை. அரசே நடத்தும் மதுக்கடை இங்கே இருக்க, பனையேறியை மட்டும் ஏன் குற்றவாளியாக்க வேண்டும் என்று அவர் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை, இப்போதும் தெரியாது. பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தபோது மனதார மகிழ்ந்தேன். மரத்துக்குக் காவல் வந்தது. ஏற ஆள்தான் இல்லை. கூட்டாளியின் பிள்ளைகள் ஒருவரும் அந்தத் தொழிலுக்கு வரவில்லை.

நான் பழைய காலத்தை ரொம்பப் புகழத் தொடங்கினால் என்னைத் தடுத்து நிறுத்துவது இந்தக் கூட்டாளிதான், அல்லது அவனுடைய பாட்டாவின் நினைவு. சுசீந்திரம் தேரோடும் வீதியில்தான் நாங்கள் இரண்டு பேரும் வாடகை சைக்கிளில் பழகினோம். அகலமான வீதி, மத்தியானத்தில் ஆளிருக்காது, விழுந்தாலும் மணல். ஒருநாள் முழங்கால் தேய்ந்து ரத்தத்தோடு போய் நின்றபோது, அவன் பாட்டா மருந்து போட்டபடி, "எங்கே விழுந்தே மக்கா?" என்று கேட்டார். சொன்னதும் அவர் கை நின்றது. அந்த வீதியில் நடக்கக் கூடாது என்று அவரைத் தடுத்திருந்த காலம் அவருக்கு வாலிபம். 1926-ல் டாக்டர் எம். இ. நாயுடு முதலானவர்கள் அந்த வீதிகளுக்காகச் சத்தியாக்கிரகம் செய்ததைக் கண்ணால் பார்த்தவர். 1936 நவம்பர் 12 அன்று மகாராஜா சித்திரைத் திருநாள் கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தபிறகுதான் உள்ளே காலெடுத்து வைத்தார். அவருடைய அம்மையின் அம்மை காலத்தில் பனையேறும் ஏணிக்கு வரி, கால்தளைக்கு வரி. மாரை மறைக்கத் துணி போடக் கூடாது என்று ஊரும் அரசும் சேர்ந்து தடுத்து, தெருவில் சீலையைக் கிழித்து, பெண்கள் பல ஆண்டுகள் போராடி, 1859 ஜூலை 26-ல் அரசு இறங்கிவந்து உத்தரவு போட்டது. "நீ விழுந்தியே, அந்த எடத்துல விழுகதுக்கு ஒரு சட்டம் வேண்டியிருந்துது, மக்கா" என்றார் பாட்டா, என்னைப் பார்த்து அல்ல, பேரனைப் பார்த்து. நான் பக்கத்தில்தான் நின்றேன். கேட்க ஆளில்லாமல் வளர்ந்த பிள்ளைகள் என்று நான் சொல்லும் 'நாங்கள்' எவ்வளவு சின்னது என்று அன்று தெரிந்துகொண்டதை இன்னும் மறக்கவில்லை.

மண் விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் குளம் வற்றினால் ஊரே மாட்டுவண்டி பூட்டி இறங்கும். யாரையும் கேட்டதில்லை என்று சொல்லப் பார்த்தேன், கேட்டோம். எந்த மடைக்குப் பக்கம் தோண்டக் கூடாது, யாருக்கு எத்தனை வண்டி என்று ஊர்ப் பெரியவர்கள் அரசமரத்தடியில் வாயாலேயே சொல்வார்கள், அதை மீறியவனுக்கு அந்தப் போகத்தில் தண்ணீர் கடைசியில்தான் வரும். நாங்கள் வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டு, ஈரமண் வாசனையோடு வயலுக்குப் போய்த் திரும்பிய அந்த நாட்களுக்கு விடுமுறை என்றுகூடப் பெயர் வைக்கவில்லை. பிறகு லாரிகள் வந்தன. ஒரே ராத்திரியில் குளத்தின் வயிறு குடைந்து செங்கல்சூளைக்குப் போவதைக் கண்ணால் பார்த்தேன். அரசமரத்தடிக் குரல் லாரியின் சத்தத்துக்கு எட்டவில்லை. அதனால் அனுமதி, அளவு எல்லாம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. 2017-ல் விவசாயிகளுக்கு இலவசமாகவே எடுக்க விட்டார்கள், நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90. வருத்தம் வேறு. மனுவைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றினேன், திருப்பி அனுப்பியது. காரணம் ஒரே வரி. அந்த வரியிடம் நான் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியவில்லை. பேரன்தான் ராத்திரி உட்கார்ந்து, பெட்டியில் எடுத்த காகிதங்களைப் படம்பிடித்து மறுபடி ஏற்றினான்.

மறுநாள் சாயங்காலம் வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கூட்டாளி வீட்டுக்குப் போனேன். ஸ்கூட்டரில் இரண்டு பேரும் கிளம்பினோம், எனக்கும் ஹெல்மெட், பின்னால் அவனுக்கும் ஹெல்மெட். மோட்டார் வண்டியில் டபுள்ஸ் போனால் தடுக்க ஆளில்லை. அந்தப் பழைய முக்கு வந்ததும் அவன் என் தோளைத் தட்டி என்னமோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. நான் கேட்டதும் அவனுக்குக் கேட்கவில்லை. அவன் மருமகன் இரண்டு வருஷத்துக்கு முன் ஹெல்மெட் போட்டிருந்ததால் பிழைத்தவன், ஆகவே நாங்கள் அதைக் கழற்றாமலேயே சுசீந்திரம்வரை போனோம். தெப்பக்குளத்தங்கரையில் வண்டியை நிறுத்தி, கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்தபின் வில்லையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்து, 71 என்று சரியாகச் சொன்னான்.

"முக்குல என்னலே சொன்னே?"

"குதிக்கட்டுமான்னு கேட்டேன்."