ஏழு கிலோ தம்பதி

பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, ஓய்வூதியமும் கைக்கு வரத் தொடங்கினால் எங்கள் பக்கத்தில் காசிக்குப் போவார்கள். சித்தப்பாவும் சித்தியும் கம்போடியாவுக்குப் போனார்கள். போனதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. திரும்பி வந்தார்களே, அதற்குப் பிறகுதான்.

இந்த ரகத்துத் தம்பதியைக் கண்டுபிடிப்பது சுலபம். பெட்டி இருக்காது, முதுகில் பை. திருச்சி–கோலாலம்பூர் மலிவு விமானத்தில் கையில் ஏழு கிலோதான் கொண்டுபோகலாம். வீட்டில் கொக்கித் தராசு ஒன்று நிரந்தரமாகத் தொங்குகிறது. ஏழரை காட்டியதும் ஊறுகாய் பாட்டிலை எடுத்துவிட சித்தி சம்மதிக்கவில்லை. சித்தப்பா மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, பங்குனி வெயிலில், தீபாவளிப் பலகாரம் போல வெந்துகொண்டே விமானம் ஏறினார்.

வியட்நாமில் பத்தாயிரம் ரூபாயை மாற்றியதும் ஏறக்குறைய முப்பது லட்சம் டாங் வந்ததாம். முப்பத்திரண்டு வருஷம் கிளார்க்காக இருந்தவர். நோட்டுக்கட்டோடு போட்டோ எடுத்துக்கொண்டார். அன்று இரவு தங்கியது என்னவோ எட்டுப் பேர் படுக்கும் அறையில், மேல் கட்டிலில். சித்தி கீழ்க் கட்டில். “ரயிலு மாதிரிதான், என்ன, ஊரு வராது” என்பாள்.

இப்போது எது பேசினாலும் அங்கேதான் போய் நிற்கும். இலையில் கொழுக்கட்டை வைத்தால் லாவோஸ். மின்சாரம் போனால் பர்மாவின் பகான். மைத்துனர் வீட்டு துக்கத்தில்கூட, போரோபுதூரின் படிக்கட்டுகள் எவ்வளவு செங்குத்து என்பதைக் கேட்டுவிட்டுத்தான் தூக்கினோம்.

இத்தனை தூரம் போனவர்களுக்கு வீட்டிலிருந்து பதினெட்டுக் கிலோமீட்டரில் உள்ள நார்த்தாமலை, முத்துமாரியம்மன் தேருக்கு மட்டும் போகிற ஊர். மலைமேல் ஏறியதே இல்லை. “உதயம் பாக்கணும்னா விடியறதுக்கு முன்னாடி போயிரணும்” என்று அங்கோர்வாட் அனுபவத்தில் சித்தப்பா சொல்ல, இருட்டிலேயே மேலமலைப் பாறையில் ஏறினோம். ஏறியதும் டிக்கெட் கவுண்டரைத் தேடினார். அங்கே ஒரு நாளைக்கு 37 டாலர் அழுதவர் அல்லவா. இங்கே எங்களைப் பார்த்தது இரண்டு ஆடுகள் மட்டும், காசு கேட்கவில்லை.

விஜயாலய சோழீஸ்வரத்துக்குப் பின்னால் சூரியன் எழும்பினான். “ஏங்க, அங்கயும் இப்படித்தானே பின்னாடியிலேர்ந்து வந்தான்?” என்றாள் சித்தி. அப்படித்தான். இரண்டும் மேற்கு பார்த்த கோயில். இது 9ஆம் நூற்றாண்டு, அங்கோர்வாட் 12. முந்நூறு வருஷம் மூத்தது என்றேன். சித்தப்பா, குழு போட்டோவில் ஓரத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்ப்பது போல கோயில் விமானத்தைப் பார்த்தார்.

கோயிலின் பெயரில்தான் விஜயாலய சோழன். சாத்தன்பூதி என்ற முத்தரையர் கட்டிய கற்றளி மழையில் இடிய, மல்லன் விடுமன் புதுப்பித்த கதை துவாரபாலகர் ஒருவரின் காலடியில் கல்வெட்டாக இருக்கிறது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். எதிரே குகையில் ஆளுயரத்துக்குப் பன்னிரண்டு திருமால். எல்லாரும் ஒரே சாயல். சித்தி இரண்டு முறை எண்ணிவிட்டு, “பாயோன்ல முகம் மட்டுந்தான் இருந்துச்சு, இங்க முழு ஆளும் இருக்கு” என்றாள். கம்போடியா தோற்றதை நான் பார்த்தது அன்றுதான்.

சுனைக் கரையில் உட்கார்ந்து ஊறுகாயோடு தயிர்சோறு சாப்பிடும்போது சொன்னேன். இந்த ஊர் ஒரு காலத்தில் வணிகர் நகரம். நகரத்தார்மலை என்பதே நார்த்தாமலை ஆயிற்று என்பாரும் உண்டு. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற நம் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு 1088இல் சுமத்ராவின் பாரூஸில் பொறிக்கப்பட்டது. தாய்லாந்தின் தக்குவாபாவில் அதற்கும் முன்பே ஒரு குளத்தைப் பற்றித் தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பகானில் நானாதேசி விண்ணகரம் என்று கோயிலே இருந்திருக்கிறது.

சித்தப்பா வெகுநேரம் பேசவில்லை. தான் போன வழியில் முன்பே ஆள் போய்விட்டது தெரிந்த துக்கம் முகத்தில். பிறகு கையைக் கழுவிக்கொண்டு கேட்டார்:

“கப்பல்ல அவங்களுக்கு எத்தன கிலோ விட்டாங்களாம்?”