தாளாளர் சமுகத்துக்கு ஒரு பணிவான மனு

பெறுநர்: தனியார் பள்ளித் தாளாளர்கள், தமிழ்நாடு.
அனுப்புநர்: ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் பெற்றோர்.

பெருமதிப்பிற்குரியீர்,

மனுதாரர்கள் முதலில் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஒன்றாம் வகுப்பு அட்மிஷனுக்குப் போனபோது குழந்தையோடு அவர்களையும் உட்காரவைத்து, அப்பா என்ன படித்திருக்கிறார், வீட்டில் ஆங்கிலம் பேசுவார்களா என்று நிர்வாகம் அன்போடு விசாரித்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்த விசாரிப்பைத் தடைசெய்து, முதல் முறைக்கு 25,000 ரூபாய், அடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. நலம் விசாரிக்கும் பண்பாடு சட்டத்துக்குத் தெரியவில்லை, பாவம்.

கட்டண விஷயமும் அப்படியே. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. அபாகஸ், ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டுவிழா உடை ஆகியவற்றுக்கான தொகை மட்டும் தனியே ஒரு துண்டுச்சீட்டில் வருகிறது.

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. பள்ளி அதை மதித்து, குழந்தைக்கு வீட்டுப்பாடம் தருவதை நிறுத்திவிட்டது. இப்போது 'ஆக்டிவிட்டி' என்ற பெயரில் பெற்றோருக்குத் தருகிறது. இரவு ஒன்பதரைக்குப் பாதி ஷட்டர் இறக்கிய ஸ்டேஷனரிக் கடையில் சூரியக் குடும்பம் செய்யத் தெர்மாகோல் கேட்டு நிற்பவர்கள் எல்லாம் இரண்டாம் வகுப்பு மாணவர்களின் அப்பாக்கள். மறுநாள் அந்தச் சூரியக் குடும்பத்துக்கு 'வெரி குட்' கிடைக்கிறது. அப்பாவுக்குத்தான்.

இனி, மனுதாரர்களுக்கு உறுத்துகிற விஷயம். அதே தெருவில் இருக்கும் அரசுப் பள்ளியில் ஒரு பைசா கட்டாத பெற்றோருக்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், அரசு தரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பதும் அவர்கள் வேலை. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளை இந்த விதி தொடுவதில்லை. ஆகவே டேர்முக்கு டேர்ம் பணம் கட்டுகிறவர்களுக்கு வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. அதிலும் அட்மின் மட்டுமே எழுதலாம். மற்றவர்கள் கட்டைவிரலைக் காட்டலாம்.

மனுதாரர்களும் சாமானியப்பட்டவர்கள் அல்லர். அரை மார்க்குக்காக இரவு பதினொரு மணிக்கு வகுப்பு மிஸ்ஸுக்கு போன் போடுகிறவர்கள் அவர்களில் உண்டு. தாளாளரிடம் கேட்க முடியாததையெல்லாம் அந்த மிஸ்ஸிடம்தான் கேட்டுத் தீர்க்கிறார்கள். தாளாளரும் பெற்றோர்மீதுள்ள கோபத்தை அவரிடமே தீர்த்துக்கொள்கிறார். சம்பளம் போதவில்லை என்று அவர் யாரிடம் சொல்வார் என்பது இரு தரப்புக்கும் கவலையில்லாத விஷயம்.

பாக்கிக் கட்டணத்தை வசூலிக்க மாற்றுச் சான்றிதழைக் கருவியாக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டதால், மனுதாரர்கள் சற்றே துணிச்சலோடு இரண்டு கோரிக்கைகளை வைக்கிறார்கள். ஒன்று, அந்தத் துண்டுச்சீட்டுத் தொகைக்கும் ரசீது. மற்றொன்று, பேரன்ட்ஸ் மீட்டிங்கில் முழங்கால் முகவாயில் இடிக்காத நாற்காலி.

இப்படிக்கு,
கட்டைவிரல் காட்டும் பெற்றோர்