கெர்கெலெனுக்குப் புறப்படுவோர் கவனிக்க வேண்டியவை

அண்டார்க்டிக் கண்டத்துக்கு வடக்கே குளிர்ந்த தென்கடல்களில் சிதறிக் கிடப்பவற்றைத் துணை அண்டார்க்டிக் தீவுகள் என்பர். உறைபனிக் கண்டத்தின் புகழும் இன்றி, வெப்பநாட்டுத் தீவுகளின் தென்னையும் இன்றி நடுவில் அகப்பட்ட இவ்வினத்துள், 49 டிகிரித் தென் அட்சரேகையை ஒட்டிய பிரெஞ்சுத் தீவுக்கூட்டமான கெர்கெலென், பயணத் திட்டம் தீட்டுவோருக்கு மிக உகந்தது. தீட்டுவதற்கு மேல் அவர்கள் செய்யக்கூடியது அதிகமில்லை.

அங்கே விமான நிலையம் இல்லாமையால், விரும்புவோர் ரீயூனியன் தீவை அடைந்து, ஆண்டுக்கு நான்கு முறை அளவில் புறப்படும் 'மரியோன் துய்ஃப்ரென்' கப்பலில் இடம் பிடிக்க வேண்டும்; அறிவியலாளர், எரிபொருள், உணவுப்பொருள் ஆகியவற்றுக்கென ஓடும் அக்கப்பலில் சுற்றுலாப் பயணி நான்காந்தரச் சரக்கே ஆவார். போய்த் திரும்ப ஏறத்தாழ ஒரு மாதம் ஆகுமாதலால், உறவினர் திருமணத்தைக் காட்டி விடுப்புக் கேட்பவர் அத்திருமணம் எத்தனை நாள் நடக்கும் என்பதையும் யோசித்து வைத்துக்கொள்வது நலம்.

பெட்டியில் குடை வைக்கலாமா என்பது அடுத்த வினா. 40 முதல் 50 டிகிரி வரையிலான தென் அட்சரேகைகளில், தடுக்க நிலமின்றி ஓயாது வீசும் மேலைக்காற்றை மாலுமிகள் 'முழங்கும் நாற்பதுகள்' என்பர். அக்காற்றுக்கு அஞ்சியோ என்னவோ, அத்தீவின் ஈ வகைகளுள் ஒன்று இறக்கைகளையே துறந்துவிட்டு, கெர்கெலென் முட்டைக்கோசு எனப்படும் செடியில் நடந்தே காலந்தள்ளுகிறது. ஈயே கைவிட்ட இடத்தில் குடை என்ன செய்யும்? அந்த முட்டைக்கோசோ வைட்டமின் சி குறைவால் ஈறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி நோய்க்கு மருந்தாக மாலுமிகளுக்குப் பயன்பட்டது. ஆகவே காய்கறிச் செலவைத் திட்டத்தில் அடித்துவிடலாம் என்று எண்ணுவோர், அது இன்று பாதுகாக்கப்படும் தாவரம் என்பதையும் அறிதல் வேண்டும்.

திட்டமிடுவோர்க்கெல்லாம் முன்னோடி, தீவுக்குப் பெயர் தந்த கடலோடி இவ் தெ கெர்கெலென்தான். 1772-இல் தொலைவிலிருந்து நிலத்தைக் கண்ட அவர், துணைக்கப்பலின் அதிகாரி ஒருவர் கரையேறி அதைப் பிரான்சுக்கு உரிமையாக்கியதையும் அறியாமல் நாடு திரும்பி, பதினைந்தாம் லூயி மன்னரிடம் வளங்கொழிக்கும் தென்னகப் பிரான்சு ஒன்றை வருணித்தார். மன்னர் நம்பி மீண்டும் அனுப்ப, அம்முறையும் அவர் கால்பதிக்காமலே திரும்பி, விசாரணைக்குப்பின் சிறை புகுந்தார். 1776-இல் உண்மையாகவே கரையிறங்கிய கேப்டன் குக் அதற்குச் சூட்ட விரும்பிய பெயர் 'பாழ்தீவு' என்பதாகும். நேரில் போவதன் தீங்கு இத்தகையது.

முன்னோடியின் நெறியைத் தவறாமல் பின்பற்றுவோர் அஞ்சல்தலை சேகரிப்போரே. அவர்கள் தம் முகவரியைத் தாமே எழுதிய உறையை அனுப்ப, அது அதே 'மரியோன் துய்ஃப்ரென்' கப்பலில் சென்று, தீவின் அஞ்சல் முத்திரையைப் பெற்று, வாந்தி எடுக்காமல் வீடு திரும்புகிறது.